குச்சியில் சரியாகக் கழிக்கிறான், நோட்டில் தப்பாகிறது. என்ன செய்யலாம்?

எல்.பி. டீச்சர், கொழிஞ்சாம்பாறை:
கேரளத்தில் எல்.பி. (லோயர் பிரைமரி) பள்ளி, தமிழ் மீடியம், மூன்றாம் வகுப்பு. நூறு வரைக்கும் தடங்கலில்லாமல் எண்ணுகிற பையன். வாசிப்பிலும் குறையில்லை. ஈர்க்குச்சியைக் கையில் கொடுத்தால் 42-இல் 17 போக 25 என்று சரியாக எடுக்கிறான். அதையே நோட்டில் போட்டால் 35. முந்நூற்று நான்கு எழுதச் சொன்னால் 3004. மணல், கலர் சாக்பீஸ், பாட்டு எல்லாம் ஒன்றாக வைத்துச் சொல்லிக்கொடுத்தாயிற்று. குச்சியிலிருந்து நோட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது?

பத்துக்கட்டு:
டீச்சர், அந்த 35 கவனக்குறைவு அல்ல. மேலே எது, கீழே எது என்று பாராமல் பெரியதிலிருந்து சின்னதை எடுக்கிறான்: 7-இல் 2 போக 5, 4-இல் 1 போக 3. குச்சியில் இந்தத் தப்பு வர வழியே இல்லை. அங்கே 42 குச்சிதான் கிடக்கிறது, 17 தனியாக இல்லை. நோட்டில் இரண்டு எண்ணும் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்பதால் இரண்டுமே இருக்கிற பொருள் என்று எடுத்துக்கொள்கிறான்.

குச்சியில் முழுக் கணக்கையும் முடித்துவிட்டு விடையை மட்டும் நோட்டில் எழுதவைப்பதுதான் பெரும்பாலும் நடக்கிற பிழை. குச்சியில் ஒரு படி, பென்சிலில் ஒரு படி என்று மாறி மாறிப் போகவேண்டும். சுமார் 10 செ.மீ. நீளத்தில் நறுக்கிய ஈர்க்குச்சியில் நாலு பத்துக்கட்டு (பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டது), உதிரி இரண்டு. 7 எடுக்கப் போதவில்லை என்று அவனே சொல்லட்டும். ஒரு கட்டின் ரப்பர் பேண்டை அவன் கையாலேயே கழற்றட்டும். கழற்றியதும் பென்சிலை எடுத்து 4-ஐ அடித்து 3, 2-க்கு மேலே 12. உதிரியில் 7 எடுத்தவுடன் 5 எழுதணும். மூன்று கட்டில் ஒன்றை எடுத்தவுடன் 2. கட்டை டப்பாவில் போட்டுவிட்டு வேறு பத்து உதிரி எடுத்துக் கொடுக்காதீர்கள். அதே பத்துதான் அவிழ்ந்தது என்பது அவன் கண்ணில் படாமல் போய்விடும்.

இது நீங்கள் எடுத்துக்கொடுக்காமலே வரத் தொடங்கினால் குச்சியை விட்டுப் படத்துக்குப் போங்கள். கட்டுக்கு ஒரு நெட்டைக் கோடு, உதிரிக்குப் புள்ளி. கோட்டை அடித்து அதற்குப் பத்துப் புள்ளி வைக்கும்போது ஐந்தைந்தாக இரண்டு வரிசை. இஷ்டத்துக்கு வைத்தால் ஒன்பதாகும், பதினொன்றாகும். படத்தைத் தாண்டி நேரே எண்ணுக்குக் குதித்தால் பழைய 35 திரும்ப வரும். 48-இல் 15 மாதிரி அவிழ்க்கத் தேவையில்லாத கணக்கையும் நடுநடுவே கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாக் கணக்கிலும் கட்டை அவிழ்ப்பான்.

அட்டைப்பெட்டி:
3004-க்கு: காதில் விழுவதை அப்படியே எழுதுகிறான், 300, அப்புறம் 4. ஒரே உயரத்தில் அட்டை வெட்டுங்கள். நூறுகளுக்கு 9 செ.மீ. அகலம், பத்துகளுக்கு 6, ஒன்றுகளுக்கு 3. ஒவ்வொரு இலக்கத்துக்கும் 3 செ.மீ. 300 அட்டைமேல் 4 அட்டையை வலது ஓரம் சரியாகப் பொருந்த வைத்தால் கடைசிச் சுழியம் மறைந்து 304 தெரியும். அட்டையைத் தூக்கினால் அடியில் அந்தச் சுழியம் இருக்கும். இதைப் பலமுறை வைத்தும் எடுத்தும் பார்க்கவேண்டும். இலக்கங்களின் அகலம் ஒன்றுக்கொன்று மாறினால் பொருந்தாது, குழப்பம் கூடும்.

தொண்ணூறில் தனியாக நிறுத்துங்கள். தமிழிலும் மலையாளத்திலும் அதற்குள் நூறு கேட்கிறது. ஒன்பது கட்டைக் கையில் கொடுத்து எண்ணவைத்த பிறகு 90 அட்டையைக் காட்டுங்கள்.

ரிசோர்ஸ் ரூம்:
ஒரு கருத்துக்கு ஒரு பொருள் போதும். மணலில் விரலால் எழுதுவது 6, 9 திரும்பிப்போகிற குழந்தைக்கு உருவம் பழக உதவும். கழித்தலுக்கு அதனால் பயனில்லை. பாட்டும் கலரும் மணலும் சேர்ந்தால் எதைப் பார்ப்பது என்றே பிள்ளைக்குத் தெரியாது. கலர் வேண்டுமென்றால் பத்துக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்று, கடைசிவரை மாற்றாமல். பிறகு கலரையும் விடவேண்டும், பரீட்சைத் தாளில் அது இருக்காது.

8 வயது நிறைந்திருந்தால் பி.ஆர்.சி.யில் (பிளாக் ரிசோர்ஸ் சென்டர்) ஸ்பெஷல் எஜுகேட்டரிடம் சொல்லிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். 2016 மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டத்தில் டிஸ்கால்குலியாவும் (எண்ணிலும் கணக்கிலும் வரும் கற்றல் குறைபாடு) வருகிறது.

எல்.பி. டீச்சர், கொழிஞ்சாம்பாறை:
ரொம்ப நன்றி. ரப்பர் பேண்டைக் கழற்றும்போது குச்சி சிதறுகிறது, சில சமயம் உடைகிறது. வேறு வழி உண்டா?

பத்துக்கட்டு:
ஐஸ் குச்சி, தலைமுடிக்குப் போடும் துணி ரப்பர். இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். ஓரம் உயர்ந்த தட்டுக்குள் வைத்துக் கழற்றச் சொல்லுங்கள், சிதறினாலும் பத்தும் தட்டிலேயே இருக்கும்.