கில்டன்ஸ்டெர்ன் கழுத்தில் அடையாள அட்டை மாட்டலாமா?

மூன்றாவது மணி (கேள்வி)

எங்களுடையது சின்ன நாடகக் குழு. பன்னிரண்டு பேர், அதில் நான்கு பேருக்கு ஒத்திகை என்றாலே காய்ச்சல் வந்துவிடும். இந்த முறை டாம் ஸ்டாப்பர்டின் ‘ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் இறந்துவிட்டார்கள்’ நாடகத்தைக் கையில் எடுத்திருக்கிறோம். எனக்குக் கில்டன்ஸ்டெர்ன் வேடம். அரங்கேற ஐந்து வாரம்தான் இருக்கிறது, மூன்றாம் அங்கத்தில் பாதி வசனம் இன்னும் மனதில் நிற்கவில்லை. அது என் பாடு.

கதை தெரியாதவர்களுக்கு: ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’டில் ராஜா கிளாடியஸ் இரண்டு பேரை வரவழைத்து, உங்கள் பழைய நண்பன் ஹாம்லெட்டுக்கு என்ன ஆயிற்று என்று பேச்சுக்கொடுத்துக் கண்டுபிடியுங்கள் என்கிறான். பிறகு ஒரு கடிதத்தைக் கொடுத்து ஹாம்லெட்டோடு இங்கிலாந்துக்குக் கப்பலேற்றுகிறான். கடிதத்தில் இருப்பது ஹாம்லெட்டின் தலையை வாங்கச் சொல்லும் உத்தரவு. ஹாம்லெட் இரவோடு இரவாகக் கடிதத்தை மாற்றி எழுதிவிட, தலை போவது இந்த இரண்டு பேருக்கு. அங்கே வந்துபோகிற இவர்கள்தான் ஸ்டாப்பர்டிடம் நாயகர்கள். ஹாம்லெட் நடுநடுவே குறுக்கே நடந்து போகிறான். எதற்குக் கூப்பிட்டார்கள், எங்கே போகவேண்டும், தங்களில் யார் ரோசன்கிராண்ட்ஸ், யார் கில்டன்ஸ்டெர்ன் என்பதுகூட இவர்களுக்குச் சரியாகத் தெரியாது.

பிரச்சினை இயக்குநரோடுதான். ‘இன்றைய அரசியலாகச் செய்வோம்’ என்கிறார். நாங்கள் இருவரும் கோட்டு, டை, கழுத்தில் அடையாள அட்டை. பின்னால் திரையில் தேர்தல் செய்தி ஓடும். எனக்கு இது மலிவாகப் படுகிறது. 1966ல் எடின்பரோவில் முதலில் மேடையேறிய நாடகம், கட்சி இல்லை, கொள்கை இல்லை, பூவா தலையா போட்டுக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இதில் உண்மையாகவே அரசியல் இருக்கிறதா, இல்லை நாம்தான் ஒட்டவைக்கிறோமா?

விளக்குப் பலகை

திரையைத் தூக்கிக் கடாசச் சொல்லுங்கள். பின்னால் செய்தி ஓடினால் பார்க்கிறவர்கள் ‘ஓ, அவர்களைச் சொல்கிறார்களா’ என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

முதல் காட்சியில் நாணயம் 92 முறை தலையாகவே விழுகிறது. அந்த உலகத்தில் ஏதோ ஒன்று வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்று சொல்ல அதுவே போதும். நான் பதினெட்டு வருடமாக விளக்குப் போடுகிறவன், அதனால் முடிவைப் பற்றி மட்டும் ஒன்று. கடைசியில் இந்த இரண்டு பேருக்கும் பிணம் கிடையாது, ரத்தம் கிடையாது. வெளிச்சத்தில் இருந்தவர்கள் இல்லாமல் போகிறார்கள், அவ்வளவுதான். கில்டன்ஸ்டெர்ன் பாதி வாக்கியத்தில் காணாமல் போகிறான். அந்த இடத்தில் விளக்கை மெல்ல இறக்கிச் சோகம் காட்டாதீர்கள். பட்டென்று எடுங்கள்.

இன்னொன்று. 1948ல் லாரன்ஸ் ஒலிவியர் எடுத்த ‘ஹாம்லெட்’ படத்தில் இந்த இரண்டு பேருமே கிடையாது. நீளம் குறைக்க வெட்டிவிட்டார்கள், படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அரசியல் வேண்டும் என்றால் இதைவிடவா?

பழைய தபால் எழுத்தர்

தம்பி, நான் நாடகக்காரன் இல்லை. ஓர் அலுவலகத்தில் 31 வருடம் தபால் பிரிவில் இருந்தவன். வருகிற உறையைப் பதிவேட்டில் ஏற்றுவது, போகிற உறைக்கு எண் போட்டு அனுப்புவது, சிலதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது. இந்த நாடகத்தை ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். மற்றவர்கள் நாணயத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்குக் கண்ணில் பட்டது கடிதம்.

ஷேக்ஸ்பியரிடம் இந்த இரண்டு பேருக்கும் கடிதத்தில் இருப்பது தெரியுமா தெரியாதா என்பது தெளிவாக இல்லை. ஹாம்லெட், அவர்களாகத்தானே அந்த வேலைக்கு ஆசைப்பட்டுப் போனார்கள், என் மனசாட்சிக்குப் பக்கத்திலேயே அவர்கள் வரமாட்டார்கள் என்று தள்ளிவிடுகிறான். ஸ்டாப்பர்ட் செய்த பெரிய காரியம், உறையைப் பிரித்ததுதான். கப்பலில் சும்மா இருக்க முடியாமல், இங்கிலாந்து ராஜாவிடம் என்ன பேசுவது என்று நடித்துப் பார்க்கிறார்கள். அந்த வேகத்தில் கடிதம் பிரிந்துவிடுகிறது. படித்துவிடுகிறார்கள். நாம் அவன் நண்பர்களாயிற்றே என்கிறான் ஒருவன். உங்கள் கில்டன்ஸ்டெர்ன் என்ன சொல்கிறான்? சாவு எல்லாருக்கும் வருவதுதான், நாம் சின்ன மனிதர்கள், பெரியவர்கள் விவகாரத்தின் உள்ளும் புறமும் நமக்குத் தெரியாது. சொல்லிவிட்டுக் கடிதத்தை முன்பு இருந்தது போலவே கட்டிவைக்கிறான். முத்திரை உடைந்தது யாருக்கும் தெரியாது என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறான்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் தட்டச்சர் ஒருவர் இருந்தார், தினமும் மதியம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். அவருடைய தகுதிகாண் பருவம் முடிகிற நாள். மறுநாள் விடிந்தால் நிரந்தரம். அன்றைக்கு நாலு மணிக்கு மேலதிகாரி என் கையில் ஓர் உறையைக் கொடுத்து, இன்றைக்கே நேரில் சேர்க்கவேண்டும், கையெழுத்து இல்லாமல் வராதே என்றார். கோந்து காயவில்லை. மாடிப்படியில் ஏறும்போது மடிப்பு தானாகவே திறந்துகொண்டது என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தானாகத் திறக்கவில்லை. கட்டை விரலை நான்தான் கொடுத்தேன். வேலையை விட்டு நீக்கும் உத்தரவு. காரணம் என்று ஒரு வரி, அதுவும் பொய் என்று எனக்குத் தெரியும்.

‘ஆள் இருக்கையில் இல்லை’ என்று எழுதித் திருப்பியிருக்கலாம். எங்கள் வேலையில் தினமும் நாலு முறை எழுதுகிற வாசகம் அது, யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மறுநாள் விடிந்திருந்தால் அவரை நீக்குவது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. நான் என்ன செய்தேன்? மடிப்பை நாக்கால் நனைத்து ஒட்டி, கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் உறையைப் பார்த்தார், ஒட்டின இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

இதில் அரசியல் இருக்கிறதா என்கிறீர்கள். 1973 அக்டோபர் 20, சனிக்கிழமை இரவு. வாட்டர்கேட் விவகாரத்தை (எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆள் புகுந்த வழக்கு) விசாரித்துக்கொண்டிருந்த சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கு என்று அமெரிக்க அதிபர் நிக்சன், நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சனிடம் சொல்கிறார். அவர் மாட்டேன் என்று ராஜினாமா செய்தார். அடுத்த நிலையில் இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸ், அவரும் மாட்டேன் என்றார். மூன்றாவதாக சொலிசிட்டர் ஜெனரல் ராபர்ட் போர்க் கையெழுத்துப் போட்டார். எனக்கு ரிச்சர்ட்சனைவிட அந்த மூன்றாவது ஆளைப் பற்றித்தான் யோசனை. கடிதம் எப்படியும் ஒரு கையில் நிற்கும் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் நாடகத்தில் இரண்டு பேரும் கேள்வி விளையாட்டு ஆடுகிறார்கள் இல்லையா? பதில் சொன்னால் தோல்வி, கேள்வியையே திருப்பி அடிக்கவேண்டும், டென்னிஸ் மாதிரி புள்ளி வேறு. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவரையொருவர் இத்தனை கேள்வி கேட்கிறவர்கள் ராஜாவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. பணிகிறோம் என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். நம் பாரதத்தில் திரௌபதியைச் சபைக்கு இழுத்துவரப் போன பிராதிகாமியை நினைத்துக்கொண்டேன். அவனும் ஏவலாள்தான், பெயர்கூடப் பலருக்கு நினைவிருக்காது. அவன் போனான். ஆனால் அவள் கேட்ட கேள்வியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து சபை நடுவே வைத்தான். துரியோதனன் எரிச்சலாகி, இவன் பீமனுக்குப் பயப்படுகிறான் என்று துச்சாதனனை அனுப்பவேண்டியதாயிற்று. கேள்வி அதற்குப் பிறகும் சபையிலேயே கிடந்தது.

அடையாள அட்டை போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. நானும் 31 வருடம் போட்டேன். உறை மட்டும் நிஜ உறையாக இருக்கட்டும்.

கடைசி வரிசை

ஐயா சொன்னது மனதைத் தொட்டது. ஆனாலும் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை, மன்னிக்கவும்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? கொல்லச் சொன்னது கிளாடியஸ். கடிதத்தை மாற்றி, கொண்டுவருகிறவர்களுக்குப் பாவமன்னிப்புக்குக்கூட நேரம் தராமல் கொல்லுங்கள் என்று எழுதியது ஹாம்லெட். இரண்டு ராஜகுடும்பத்து ஆட்கள் கொலைக் கடிதம் எழுதுகிறார்கள், நாம் உட்கார்ந்து தபால்காரர்களை விசாரிக்கிறோம். அட்டர்னி ஜெனரல் உதாரணமும் சரியில்லை. ராஜினாமா செய்தாலும் ரிச்சர்ட்சனுக்குச் சாப்பாடு கிடைக்கும்.

எனக்கு இந்த நாடகத்தின் அரசியல் வேறு இடத்திலிருந்து வருகிறது. ஸ்டாப்பர்ட் பிறந்தது 1937ல், செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்லீன் நகரத்தில், டோமாஷ் ஸ்ட்ராஸ்லர் என்ற பெயரில். யூதக் குடும்பம். நாஜிகள் உள்ளே வந்த 1939ல் சிங்கப்பூருக்குத் தப்பினார்கள். ஜப்பான் படை நெருங்கியதும் அம்மா இரண்டு பையன்களோடு கப்பலேறி இந்தியா வந்தார், பின்னால் கிளம்பிய அப்பா உயிரோடு வந்து சேரவில்லை. டார்ஜிலிங்கில் பள்ளிக்கூடம், 1946ல் இங்கிலாந்து, மாற்றாந்தந்தையின் பெயர். தாத்தா பாட்டி நான்கு பேருமே நாஜிகள் கையில் செத்தார்கள் என்பது அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. இப்போது மூன்றாம் அங்கத்தை எடுத்துப் படியுங்கள். எங்கே போகிறோம் என்று தெரியாமல் கப்பலில் இரண்டு பேர், பெயர் சரிதானா என்ற சந்தேகத்தோடு. இதை வைத்து நாடகத்துக்கு விளக்கம் எழுதுவது சரியில்லை என்று தெரியும். ஆனாலும் கண்ணில் படுகிறதே.

அவரைவிட ஒரு வயது மூத்தவர் வாட்ஸ்லாவ் ஹாவெல், அதே நாடு, அவரும் நாடகக்காரர். நாட்டிலேயே இருந்தார், கம்யூனிஸ்ட் ஆட்சியில் சிறைக்குப் போனார், பிறகு ஜனாதிபதியானார். ஹாவெல் நாடகம் ஒன்றை ஸ்டாப்பர்டே ஆங்கிலத்தில் கொண்டுவந்திருக்கிறார். 1978ல் ஹாவெல் எழுதிய கட்டுரையில் ஒரு காய்கறிக் கடைக்காரர் வருவார். ‘உலகத் தொழிலாளர்களே ஒன்றுபடுங்கள்’ என்ற பலகையை வெங்காயத்துக்கும் கேரட்டுக்கும் நடுவில் வைத்திருப்பார். அவருக்கு அதில் நம்பிக்கை எதுவும் இல்லை, மேலிடத்திலிருந்து வெங்காயத்தோடு சேர்ந்து வந்தது, வைத்தார். ஹாவெல் அவரைத் திட்டவில்லை, விட்டுவிடவும் இல்லை. அந்தப் பலகையால் நசுங்குகிறவரும் அவர்தான், அதைத் தாங்குகிறவரும் அவர்தான் என்கிறார். எனக்கு ரோசன்கிராண்ட்ஸ் அந்தக் கடைக்காரர். அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் நாடகம் சுருங்கிவிடும்.

பழைய தபால் எழுத்தர்

கூண்டில் ஏற்றவில்லை அம்மா. அம்புக்கு உறையைப் பிரிக்கத் தெரியாது, அதுதான் சொல்கிறேன். கடைசியில் ரோசன்கிராண்ட்ஸ், நாம் யாருக்கும் கெடுதல் செய்யவில்லையே, செய்தோமா என்று கேட்பான். மற்றவன், எனக்கு நினைவில்லை என்பான். விசாரணைக் குழு முன்னால் உட்கார்ந்து எத்தனை பெரிய ஆட்கள் இந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள்! ஆனால் நாடகத்தில் அவன் சாமர்த்தியமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நினைவில்லை. எனக்கு அவன்மேல் பொறாமை.

வெங்காயக் கடை கட்டுரையைத் தேடிப் படிக்கிறேன்.

விளக்குப் பலகை

கேள்வி கேட்டவர் எங்கே? கடைசியில் திரை உண்டா இல்லையா?

மூன்றாவது மணி

இங்கேதான் இருக்கிறேன். இரண்டு நாளாக ஒத்திகை.

திரை போய்விட்டது. இயக்குநர் லேசில் விடவில்லை. கிளாடியஸாக நடிப்பவர், ‘என் முதுகுக்குப் பின்னால் வேறு படம் ஓடினால் எவன் என்னைப் பார்ப்பான்’ என்று சண்டை போட்டதில்தான் போனது. நாங்கள் சொன்ன காரணம் எதுவும் எடுபடவில்லை. அடையாள அட்டை இருக்கிறது, ஆனால் என் அட்டையில் ரோசன்கிராண்ட்ஸ் பெயர், அவன் அட்டையில் என் பெயர். ராஜா ஒரு வரிசையில் பெயர் சொல்லி நன்றி சொல்ல, ராணி மாற்றிச் சொல்கிற இடம் ஷேக்ஸ்பியரிலேயே இருக்கிறது, அங்கே மட்டும் இருவரும் குனிந்து அட்டையைப் பார்த்துக்கொள்கிறோம்.

கடிதத்துக்குச் சிவப்பு மெழுகும் நூலும் வைத்திருந்தோம். அதை விட்டுவிட்டு நேற்று பழுப்பு உறை ஒன்றை வாங்கி, ஒட்டிக் கொடுக்கச் சொன்னேன். பிரித்து, படித்து, மறுபடி நாக்கால் நனைத்து ஒட்டினேன். வசனம் சொல்லிக்கொண்டே செய்ய முடியவில்லை. நாக்கு உறையில் இருக்கும்போது எப்படிப் பேசுவது? அதனால் அங்கே ஒரு மௌனம் விழுந்துவிட்டது. ‘சின்ன மனிதர்கள்’ வசனத்தை அதற்கு முன்னாலேயே முடித்துவிடுகிறேன். இயக்குநர் ஒன்றும் சொல்லவில்லை, நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டார்.

ஐயா, ஒன்று கேட்கவேண்டும். அவர் கையெழுத்துப் போட்ட பிறகு கீழே வந்து நீங்கள் என்ன செய்தீர்கள்? அந்த இடத்தில் எனக்கு வசனம் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பழைய தபால் எழுத்தர்

பதிவேட்டில் நேரம் எழுதினேன், தம்பி. மாலை 4.40.