நடைபாதை நடக்கவா, பிழைக்கவா?

தெற்குவீதி: எங்க பஸ் ஸ்டாப்பிலிருந்து மார்க்கெட் வரைக்கும் நடைபாதை இருக்கு. நடக்கத்தான் இடமில்லை. கொய்யா வண்டி, செல்போன் கவர், ஸ்டூல் போட்ட இட்லிக்கடை, பூக்கூடைன்னு வரிசையா. வயசான அம்மாவைக் கைப்பிடிச்சு ரோட்டுல இறக்கித்தான் கூட்டிட்டுப் போறேன். போன மாசம் மாநகராட்சி லாரி வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போச்சு. மறுவாரமே பழையபடி கடை விரிச்சாச்சு. "பாவம் ஏழைங்க"ன்னு உருகறவங்களைக் கேக்கறேன்: சென்னையில நடைபாதைன்னு ஒண்ணு எதுக்குப் போடணும்?

பூக்கட்டி: அந்த லாரியில போன கூடைகள்ல ஒண்ணு எங்கம்மாவோடதா இருந்திருக்கலாம் சார். வேற ஏரியாதான், ஆனா கதை ஒண்ணுதான். விடியறதுக்கு முன்னாடி கோயம்பேடு. முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் மல்லி விலை தலைக்கு மேல ஏறும். வாடிக்கைக்காரங்களுக்காக வாங்கித்தான் ஆகணும். முழத்துக்கு பத்து ரூபா கூடச் சொன்னா மூஞ்சியைத் திருப்பிட்டுப் போவாங்க. ராத்திரி மிஞ்சின பூ குப்பைக்கு. முதலுக்கு தண்டல்காரர்: பத்தாயிரம்னு எழுதி 8,500 கையில தருவார், தினம் 100 வீதம் 100 நாள் கட்டணும். மழை பெஞ்சாலும் சாயங்காலம் அவர் வண்டி வந்து நிக்கும். பூ லாரியில போன அன்னிக்கும் வந்து நின்னுச்சு.

கல்லாப்பெட்டி: நானும் பிழைக்கத்தான் கடை வெச்சிருக்கேன் தங்கச்சி. அட்வான்ஸ், வாடகை, கமர்ஷியல் கரண்ட் பில், ட்ரேடு லைசன்ஸ், ஜிஎஸ்டி. நான் விக்கிற அதே பிளாஸ்டிக் சாமானை என் வாசல்லயே ஒருத்தர் விரிச்சு வெச்சு இருபது ரூபா கம்மியா விக்கிறார். இதுல ஏழை யாரு, முதலாளி யாருன்னு மாசக் கடைசியில என் கணக்கு நோட்டைப் பார்த்துட்டுச் சொல்லுங்க.

பூக்கட்டி: அண்ணே, உங்க வரிசையில வாசலை நாள் வாடகைக்கு விடற கடைக்காரர் ஒருத்தர்கூட இல்லையா? தனக்குச் சொந்தமில்லாத நடைபாதைக்கு அவர் காசு வாங்கலாம், வெயில்ல உக்காந்து விக்கிறவங்க மட்டும் ஆக்கிரமிப்பா?

கல்லாப்பெட்டி: இருக்காங்க. ரெண்டு கடை தள்ளியே ஒருத்தர் இருக்கார். நான் அப்படிச் செய்யலை.

வாய்தா: உணர்ச்சியை ஓரமா வெச்சுட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். நடைபாதையில வியாபாரம் செய்யறது அரசமைப்பின் 19(1)(ஜி) தர்ற தொழிலுரிமைக்குள்ள வரும், ஆனா நியாயமான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதுன்னு உச்ச நீதிமன்றம் 1989-லயே சோதன் சிங் வழக்குல சொல்லிடுச்சு. 2014-ல சாலையோர வியாபாரிகள் சட்டம் வந்துச்சு. முதல்ல கணக்கெடுக்கணும், சான்றிதழ் கொடுக்கணும். அது முடியற வரைக்கும் யாரையும் கிளப்பக் கூடாது. இடம் மாத்தறதுக்கு 30 நாள் நோட்டீஸ். சரக்கைப் பறிமுதல் செஞ்சா பட்டியல் தரணும். அழுகற பொருளை அதே நாள் திருப்பித் தரணும், மத்ததை ரெண்டு வேலை நாளுக்குள்ள. தெற்குவீதி சார், அந்த லாரிக்காரங்க இதுல எதைச் செஞ்சாங்க?

தெற்குவீதி: அதே சட்டத்துல வியாபாரம் கூடாத பகுதின்னும் ஒண்ணு இருக்கே, அதை மட்டும் விட்டுட்டீங்க. மக்கள்தொகையில இரண்டரை சதவீதம் வரைக்கும்தான் வியாபாரிகளுக்கு இடம்னும் அதுலயே இருக்கு. வந்தவங்க எல்லாரும் விரிச்சுக்கலாம்னு எங்கேயும் இல்லை. பாண்டி பஜார்ல 2013-ல தனிக் கட்டடம் கட்டி வியாபாரிகளை உள்ள அனுப்பலையா? இன்னிக்கு அந்தத் தெருவுல நிம்மதியா நடக்க முடியுது.

பூக்கட்டி: நடக்கறவங்களுக்கு நிம்மதிதான். மாடியேறிப் போய் யார் சார் ஹேர்பின் வாங்குவாங்க? வியாபாரம் விழுந்துடுச்சுன்னு அங்க போனவங்களே புலம்பினாங்க. போற வழியில கண்ணுல படறதால வாங்கற சரக்கு இது. ஆபீஸ் விட்டு வர்றவங்க கடக்கற அந்த ரெண்டு மணி நேரம்தான் எங்களுக்கு நாள். ஆள் வராத இடத்துல அரண்மனை கட்டிக் கொடுத்தாலும் தண்டல் கட்ட முடியாது.

கல்லாப்பெட்டி: தண்டல், தண்டல்னு சொல்றீங்க. சாலையோர வியாபாரிகளுக்கு மத்திய அரசு திட்டத்துல தர்ற ஸ்வநிதி கடன் எதுக்கு இருக்கு? 2020-ல பத்தாயிரம்னு ஆரம்பிச்சது, இப்ப முதல் தவணையே பதினஞ்சாயிரம். ஒழுங்கா கட்டினா வட்டியில ஏழு சதவீதம் மானியம்.

பூக்கட்டி: அதுக்கு வியாபாரி அட்டை, இல்லைன்னா பரிந்துரைக் கடிதம் வேணும்ணே. கணக்கெடுக்க வந்த அன்னிக்கு அம்மா காய்ச்சல்ல படுத்திருந்தாங்க, பேர் விட்டுப்போச்சு. தண்டல்காரர் எந்த அட்டையும் கேக்கலை. பொண்ணு கல்யாணமா, ஆஸ்பத்திரியா, அன்னிக்கே தர்றார். ரத்தத்தை உறிஞ்சறார்னு தெரிஞ்சும் அவரைத்தான் தேட வேண்டியிருக்கு. இன்னொண்ணும் சொல்றேன். நாள் பூரா ரோட்டுல உக்கார்ற பொம்பளைங்க தண்ணியே குடிக்க மாட்டாங்க. ஏன்னு உங்க வீட்டுப் பொம்பளைங்களைக் கேளுங்க.

உருளும்நாற்காலி: ரெண்டு தரப்பும் மறந்துட்ட ஆள் நான். சக்கர நாற்காலியில போறவன். நடைபாதையில ஆள் போக 1.8 மீட்டராவது விடணும்னு, ரோடு போடறதுக்கு விதிமுறை வகுக்கற இந்தியச் சாலைக் காங்கிரஸோட 2012 வழிகாட்டியில இருக்கு. பூக்கூடை எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, நகத்தச் சொன்னா நகத்துவாங்க. ஆனா சரிவுப்பாதையை அடைச்சு அடுப்பு வெச்ச இட்லிக்கடையை என்னால மன்னிக்க முடியாது, ஏழையா இருந்தாலும். அதைவிட மோசம் ஏத்தி நிறுத்தின பைக்குங்க. அதை எந்த லாரியும் அள்ளிப் பார்த்ததில்லை. தெற்குவீதி சார், உங்க பைக் எங்க நிக்குது?

தெற்குவீதி: வீட்டு வாசல்ல. சரி, பாதி நடைபாதை மேலதான். அதையும் எடுக்கச் சொல்லுங்க, எடுக்கறேன். ஆனா என் கேள்வி அப்படியேதான் நிக்குது. இருக்கறதே ஆறடி அகலம். மீட்டர் கணக்குல பார்த்தா நடக்கவே சரியா இருக்கும், இதுல வியாபார வண்டியை எங்க போடறது?

வாய்தா: அந்த மாதிரி ஒடுக்கமான இடத்துல போடக் கூடாதுதான், ஒத்துக்கறேன். எதிர்ச் சாரியில போடலாமா, சாயங்காலம் மட்டும் போடலாமான்னு முடிவெடுக்கத்தான் நகர விற்பனைக் குழுன்னு ஒண்ணு. அதுல 40 சதவீதத்துக்குக் குறையாம வியாபாரிகளே இருக்கணும், அவங்கள்ல மூணுல ஒரு பங்கு பெண்கள். குடியிருப்போர் சங்கத்துக்கும் இடம் உண்டு. உங்க சங்கத்துல இருந்து யாராவது போறாங்களா?

தெற்குவீதி: அப்படி ஒரு குழு இருக்குன்னே எங்க சங்கத்துல யாரும் பேசினதில்லை. கேட்டுப் பாக்கறேன். ஆனா குழு கூடி முடிவெடுக்கற வரைக்கும் சும்மா இருன்னு சொல்லாதீங்க. நாளைக்கும் புகார் போடத்தான் போறேன்.

பூக்கட்டி: போடுங்க சார். கூடவே பறிமுதல் பட்டியல் கேட்டும் ஒரு வரி எழுதுங்க.

கல்லாப்பெட்டி: வணிகர் சங்கத்துக்கும் அந்தக் குழுவுல இடம் இருக்குல்ல? அப்ப நானும் வர்றேன். என் கடை வாசலை விற்பனைப் பகுதின்னு குறிச்சீங்கன்னா சண்டை போடத்தான் வருவேன், இப்பவே சொல்லிட்டேன்.