அப்பா மருத்துவ உயில் எழுத விரும்புகிறார். அதில் நான் பொறுப்பேற்கலாமா?

கேள்வி – பொருநைக்கரையான்:
என் தந்தைக்கு 78 வயது. பக்கவாதத்தில் விழுந்த தம் அண்ணன் செயற்கைச் சுவாசக் கருவியோடு கழித்த கடைசி வாரங்களைப் பார்த்த பின், தமக்கு அந்நிலை வந்தால் கருவி பொருத்தக் கூடாது என்று எழுதிவைக்க விரும்புகிறார். தம் சார்பில் முடிவு சொல்பவராக என் பெயரைக் குறிப்பிடப் போவதாகவும் சொல்கிறார். சிகிச்சையை நிறுத்துவதும் கொல்வதும் ஒன்றுதானே என்ற உறுத்தல் எனக்கு விடவில்லை. பெரியோர் கருத்தறிய விரும்புகிறேன்.

மறுமொழி – ஓய்வுபெற்ற வழக்கறிஞர்:
சட்டம் இரண்டையும் ஒன்றாகக் கருதவில்லை. ஊசி போட்டு உயிரைப் போக்குவது இன்றும் குற்றமே. ஆனால், தேற வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்வதையும், அதை முன்கூட்டியே எழுதிவைப்பதையும் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. அப்போது வகுத்த நடைமுறை மிகச் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரின் சான்றொப்பமும் இப்போது போதும். சிகிச்சையை நிறுத்துவதற்கு முன் இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்து ஆராய்ந்து இசைய வேண்டும் என்பதால், தங்கள் ஒரு சொல்லால் மட்டும் எதுவும் நடந்துவிடாது.

மறுமொழி – விருதுநகர்வாசி:
வழக்கறிஞர் ஐயா சொன்னது சரி. எனக்குத் தாளைவிட வீட்டைப் பற்றித்தான் கவலை. எங்கள் பக்கம் தலைக்கூத்தல் என்ற வழக்கம் உண்டு. படுத்த படுக்கையாகிவிட்ட முதியவருக்குத் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். உடல் குளிர்ந்து சில நாளில் உயிர் பிரியும். "இழுத்துக்கொண்டு கிடக்கிறாரே" என்று இரக்கப்படுவோர் பேச்சில், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதும் மருந்துச் செலவும் சேர்ந்தே ஒலிக்கும். கிடப்பவரிடம் யாராவது கேட்டார்களா என்பதுதான் என் கேள்வி. தங்கள் தந்தை நல்ல நினைவோடு தாமே சொல்கிறார். இரண்டுக்கும் நடுவே உள்ள தொலைவு பெரிது.

மறுமொழி – முன்னாள் செவிலி:
மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியாக இருந்த அருணா ஷான்பாக், 1973 இல் தாக்கப்பட்டு நினைவிழந்து, 2015 மே மாதம் நிமோனியாவால் இறக்கும்வரை அங்கேயே கிடந்தார். அவரைச் சாக விட வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி மனுச் செய்தபோது, நிறுத்துவதற்குச் சுவாசக் கருவி ஏதும் இல்லை. உணவை நிறுத்துவதா என்பதே வழக்கு. ஆண்டுக்கணக்கில் ஊட்டிவந்த செவிலியர்கள் மறுத்தார்கள்; 2011 இல் நீதிமன்றம் அவர்கள் பக்கமே நின்றது. அருணா எதை விரும்பியிருப்பார் என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. ஆகவே, கருவி வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல், குழாய்வழி உணவு, டயாலிசிஸ் ஆகியவற்றையும் தனித்தனியே கேட்டு எழுதுங்கள். வலியைத் தணிக்கும் மருந்து கடைசிவரை வேண்டும் என்பதையும் சேருங்கள்.

பொருநைக்கரையான்:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு குழாய்வழி உணவைப் பற்றிக் கேட்டேன். வெகுநேரம் பேசாமலிருந்த அப்பா, "அதை டாக்டரிடம் கேட்டுவிட்டு எழுதுவோம்" என்றார். என்னோடு தங்கையின் பெயரையும் சேர்க்க இசைந்திருக்கிறார்.