ரேஸ்கோர்ஸ்ல மேட்ச் அன்னைக்கு வண்டிய எங்கிட்டு விடுறது?

புதூர்க்காரன்:
மதுரை எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் கால்பந்து ஃபைனல் என்றால் ரேஸ்கோர்ஸ் ரோட்டின் இரண்டு ஓரமும் பைக்கால் அடைபட்டுவிடும். வளாகத்தில் கால்பந்து மட்டும் இல்லை. ஓடுதளம், நீச்சல் குளம், 2025 ஜூனியர் உலகக் கோப்பை நடந்த ஹாக்கி மைதானம் எல்லாம் ஒரே மதிலுக்குள்தான். ஒரே சாயங்காலம் இரண்டு நிகழ்ச்சி விழுந்தால் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். எங்கே விடலாம், எங்கே விட்டால் மாட்டிக்கொள்வோம், ஏன் மாட்டிக்கொள்கிறோம் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். புலம்பல் வேண்டாம், அது நம்ம ஊரில் டீக்கடைக்கு டீக்கடை கிடைக்கிறது.

டோக்கன் கட்டு:
தொந்தரவு வரும்போது இல்லை, போகும்போதுதான். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் பரவலாக வந்து சேர்வார்கள். கடைசி விசில் ஊதியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வண்டியை உதைப்பார்கள். 4 மணி ஆட்டம் என்றால் 45, 15, 45, மேலே நடுவர் கூட்டும் நிமிடங்கள் சேர்ந்து 5.50-ஐத் தாண்டும். ஆபீஸ் விட்டு அழகர்கோவில் ரோடும் நத்தம் ரோடும் ஏற்கெனவே நிறைந்திருக்கிற நேரம் அது. நாக்-அவுட் ஆட்டம் சமனில் நின்றால் கூடுதல் 30 நிமிடம், பிறகு பெனால்டி. 6.45 ஆகிவிடும், இருட்டிவிடும்.

வண்டி ஸ்டாண்டு போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. டோக்கனை வாங்கி நம்பரைச் சரிபார்த்து விட ஒரு பைக்குக்கு 6 விநாடி என்று வையுங்கள். நிமிடத்துக்கு 10 வண்டி. உள்ளே 600 வண்டி இருந்தால் கடைசி ஆள் தெருவைப் பார்க்க ஒரு மணி நேரம். கேட்டில் இரண்டு வரிசையாகப் பிரித்து இரண்டு ஆள் நின்றால் அரை மணி. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: காசை உள்ளே விடும்போதே வாங்கியிருக்க வேண்டும். வெளியே வரும்போது வசூலித்தால் சட்டைப்பையில் சில்லறை தேடுவது, ஜிபே திறப்பது என்று 6 விநாடி 20 விநாடியாகிவிடும். பாதி இடங்களில் இதுதான் நடக்கிறது.

இட அளவு தெரியாமல்தான் பலர் கால் ஏக்கரில் ஊரையே அடைக்கப் பார்க்கிறார்கள். பைக்குக்கு 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். காருக்கு 5 மீட்டர், 2.5 மீட்டர். எதிரெதிராகக் கார் நிறுத்தினால் நடுவில் 6 மீட்டர் வழி விட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே திருப்பில் வெளியே எடுக்க முடியாது. அந்த வழியோடு உள்ளே வந்து போகிற இடத்தையும் சேர்த்தால் ஒரு காருக்குச் சுமார் 23 சதுர மீட்டர் ஆகிறது. ஒரு சென்ட் 40 சதுர மீட்டர் சொச்சம். அதாவது ஒரு சென்டில் இரண்டு கார்கூட ஒழுங்காக அடங்காது. 20 சென்ட் காலி மனை கிடைத்தால் 35 கார், அல்லது 250 பைக். இரண்டையும் கலந்து விட்டீர்கள் என்றால் காரைச் சுற்றிப் பைக் அடைந்து, கார்க்காரர் கடைசி பைக் போகும்வரை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சுண்ணாம்புக் கோடு காலையிலேயே போட்டுவிட வேண்டும். முதல் வரிசை கோணினால் கடைசி வரிசை வரைக்கும் கோணல்தான். வரிசைக்கு ஒரு நிற டோக்கன் கொடுங்கள். இருட்டில் 'பச்சை வரிசை அங்கிட்டு' என்று கை காட்டினால் போதும்.

செவன் ஓ க்ளாக்:
அண்ணே சொன்ன கணக்குல ஒண்ணு சேத்துக்கங்க. வண்டிய உள்ள விடும்போதே மூஞ்சி வெளிய பாக்குற மாதிரி விடணும். ரிவர்ஸ்ல தள்ளி நிப்பாட்ட அரை நிமிசம் கூட ஆகும், ஆகட்டுமே. வரும்போது யாருக்கும் அவசரம் இல்ல. போகும்போது ஒவ்வொருத்தனும் வண்டிய பின்னால இழுத்துத் திருப்புனா வழி முழுக்க அடைச்சிரும்.

பைக்குக்காரங்களுக்கு இன்னும் கொஞ்சம். டோக்கன் ஸ்டாண்டுல சைடு லாக் போடாதீங்க. நெருக்கி வைக்க அவுங்க வண்டிய நகத்தத்தான் செய்வாங்க. லாக் போட்ட வண்டியக் குண்டுக்கட்டாத் தூக்கும்போதுதான் இண்டிகேட்டர் ஒடையுது, கியர் பெடல் வளையுது. அதே ரோட்டோரமா, டோக்கன் இல்லாம விட்டா சைடு லாக் கண்டிப்பா போடணும், கூட டிஸ்க்குக்கு ஒரு பூட்டும் போட்டா நல்லது. டிஸ்க் பூட்டு போட்டா ஹேண்டில்ல ஒரு சிவப்புத் துணியக் கட்டி வைங்க. மறந்துட்டு அப்படியே எடுத்தா முன் சக்கரம் சிக்கிக் கீழ விழுகணும்.

சென்டர் ஸ்டாண்டு இருந்தா அதையே போடுங்க. சைடு ஸ்டாண்டுல நிக்கிற வரிசைல ஒருத்தன் சாஞ்சா பத்து வண்டி சேந்து சாயும். டேங்க்க வாய் வரைக்கும் நெப்பிட்டு வெயில்ல சைடு ஸ்டாண்டுல விட்டாலும் பெட்ரோல் கசியும்.

ஹெல்மெட்தான் பெரிய தலைவலி. டிக்கெட் மேட்சுன்னா பெரும்பாலும் கேலரிக்குள்ள ஹெல்மெட் விடமாட்டாங்க, எறிஞ்சிருவாங்கன்னு பயம். சீட்டுக்கு அடில இருக்கிற கொக்கில ஸ்ட்ராப் வளையத்த மாட்டி சீட்ட அமுக்குனா அது நிக்கும். கொக்கி இல்லாத வண்டிக்கு, சைக்கிள் கடைல விக்கிற கேபிள் பூட்டு போதும். கண்ணாடில தொங்க விட்டுட்டுப் போனா திரும்பி வரும்போது கண்ணாடி மட்டும்தான் இருக்கும்.

தல்லாகுளம் தெருவாசி:
மைதானத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் பக்கத்தையும் கேளுங்கள். 'கேட்டுக்கு முன்னால விடல, எதிர்ப்பக்கம்தான விட்டிருக்கேன்' என்பது மேட்ச் நாளில் தவறாமல் கேட்கிற வசனம். 20 அடித் தெருவில் எதிர்ப்பக்கம் விட்டாலும் கேட்டை மறைத்ததாகத்தான் ஆகும். எதிர்ப்பக்கக் கார் ஆறடியைத் தின்றுவிட்டால் மீதி 14 அடிதான். சாதாரணக் கார் கால்வட்டம் அடிக்கவே 15 அடிக்கு மேல் வேண்டும். பத்தடி கேட்டிலிருந்து பின்னால் எடுக்கிற காரின் முன்மூக்கு கேட் தூணில் உரசி நிற்கும். கேட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு மீட்டர், எதிரே கேட்டின் அகலத்துக்குச் சமமான இடம், இவ்வளவும் காலியாக இருந்தால்தான் கேட்டுக்கு வழி விட்டதாக அர்த்தம்.

வண்டி விட்டே ஆக வேண்டும் என்றால் டேஷ்போர்டில் போன் நம்பர் எழுதிய அட்டை வையுங்கள், போனை வைப்ரேட்டில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கேலரிச் சத்தத்தில் ரிங் கேட்காது.

எங்கள் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பூந்தொட்டி, பழைய டயர், கல் இவற்றைத் தெருவில் வைத்து இடம் பிடிப்பது சரியில்லை. கேட்டுக்கு முன்னால் வழி மறிக்கக் கூடாது என்று கேட்கத்தான் நமக்கு உரிமை. தெரு நம்முடையது இல்லை. இருட்டில் அந்தக் கல்லில் பைக் மோதினால் வைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வக்கீல் குமாஸ்தா:
சட்டம் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகளின்படி சந்திப்பின் விளிம்பிலிருந்து 50 மீட்டர் வரை வண்டி நிறுத்தக் கூடாது. பாதசாரிக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் 5 மீட்டர், நடைபாதை, பஸ் நிறுத்தம், ஆஸ்பத்திரி வாசல், நிற்கிற வண்டிக்கு இணையாக இரண்டாவது வரிசை, எல்லாமே தடை. போர்டு இல்லை என்பது இந்த இடங்களில் பதிலாகாது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் வந்த அபராதப் பட்டியலில் நோ பார்க்கிங்குக்கு முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500. இடைஞ்சலாக நிற்கிற வண்டியை இழுத்துப் போகவும் போலீஸுக்கு அதிகாரம் உண்டு, அந்தச் செலவும் உரிமையாளர் தலையில்தான். ஆம்புலன்ஸுக்கு வழி விடாமல் மறித்தால் 10,000.

இ-சலான் வந்தால் உடனே கட்டிவிடாமல் மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் அதைத் திறந்து படத்தைப் பாருங்கள். நம்பர் பிளேட், இடம், நேரம் மூன்றும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அங்கேயே புகார் பதியலாம்.

'வண்டி காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று டோக்கனில் அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். 2019-ல் ஒரு ஹோட்டல் பார்க்கிங்கில் கார் திருடுபோன வழக்கில், சாவியை வாங்கி வண்டியைப் பொறுப்பெடுத்த பிறகு கவனக்குறைவு இருந்தால் அந்த வாசகம் மட்டும் காப்பாற்றாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாவி நம் கையிலேயே இருக்கிற சைக்கிள் ஸ்டாண்டுக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். டோக்கனைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அசல் ஆர்.சி.யை சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். டிஜிலாக்கரில் இருப்பது செல்லும். டோக்கன் தொலைந்தாலும் அந்த ஆர்.சி.யைக் காட்டித்தான் வண்டியை மீட்க வேண்டும்.

கரிசக்காடு:
ரேஸ்கோர்ஸ் பற்றியே பேசுகிறோம். திருமங்கலம் பக்கம், உசிலம்பட்டிப் பக்கம் மின்னொளி ஆட்டம் நடத்துகிற பையன்கள் காலி நிலத்தையும் கண்மாய்க் கரையையும்தான் ஸ்டாண்டாக்குகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. கரிசல் மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே பிசுபிசுப்பு போகாது. குதிகாலால் அழுத்தி ஒரு சுழற்று சுழற்றுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் காரை விடாதீர்கள். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஓட்டுச் சில்லோ தட்டைக் கல்லோ வைத்தால் பைக் நிற்கும். கார் சக்கரம் புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. சக்கரம் சுற்றச் சுற்றக் குழி ஆழமாகும். இரண்டாவது கியரில் மெதுவாக எடுங்கள், ஓட்டுகிற சக்கரத்துக்கு முன்னால் சாக்கு அல்லது ஓலை விரியுங்கள், நான்கு பேர் தள்ளினால் வந்துவிடும்.

நிலத்தில் எல்லா இடத்துக்கும் கிராவல் போட முடியாது. கேட்டிலிருந்து உள்ளே 30 அடிக்கு மட்டுமாவது போடுங்கள். எல்லா வண்டியும் ஏறி மிதிக்கிற இடம் அதுதான், முதலில் சேறாவதும் அதுதான்.

ஆம்புலன்ஸை மைதானத்துக்கு உள்ளே கொண்டுபோய் மூலையில் நிறுத்துகிறார்கள். தப்பு. முகம் ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும், மைதானத்திலிருந்து ரோடு வரை 12 அடி வழிக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஒரு ஆளை நிறுத்த வேண்டும். கயிறு மட்டும் கட்டினால் அரை மணி நேரத்தில் அதற்குள்ளேயே பைக் நிற்கும். டீம் பஸ் 12 மீட்டர் நீளம். ஊர்த் தெருவுக்குள் விட்டால் திருப்ப முடியாமல் பின்னாலேயே வர வேண்டியதுதான். மெயின் ரோட்டில் ஆளை இறக்கிவிட்டு பஸ் பெட்ரோல் பங்க் பக்கம் காத்திருக்கட்டும், பங்க்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு.

மஞ்சள் ஜெர்சி:
கொச்சிக்குக் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போகிற மதுரைக்காரர்களுக்கு: மைதானம் இருக்கிற கலூர் வரை காரைக் கொண்டுபோகாதீர்கள். ஆலுவா மெட்ரோ ஸ்டேஷனில் விட்டுவிட்டு ரயிலேறினால் ஜே.எல்.என். ஸ்டேடியம் ஸ்டேஷனில் இறங்கலாம், மைதானம் பக்கத்திலேயே. திரும்புகிற டிக்கெட்டைப் போகும்போதே எடுத்துவிடுங்கள், கடைசி ரயில் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதூர்க்காரன்:
அதே வழி இங்கேயும் செல்லுமா? மாட்டுத்தாவணி பஸ் நிலைய வண்டி ஸ்டாண்டில் பைக்கை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ வரலாமா?

டோக்கன் கட்டு:
செல்லும். மேலூர், ஒத்தக்கடை, விமான நிலையச் சுற்றுச்சாலைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் நல்லது. ராத்திரியும் ஸ்டாண்டில் ஆள் இருப்பார்கள், வண்டியைப் பற்றிக் கவலை இல்லை. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ் இலவசம் என்பதால் குடும்பமாக வந்தால் செலவும் குறைவு. திரும்பும்போது மைதான வாசலில் ஆட்டோ தேடாதீர்கள், கூட்டத்தைப் பார்த்து வாடகை ஏறியிருக்கும். ஐந்து நிமிடம் நடந்து அழகர்கோவில் ரோட்டுக்கு வந்துவிட்டால் பஸ்ஸே வரும். செல்லூர், சிம்மக்கல் பக்கத்துக்காரர்கள் மாட்டுத்தாவணிக்குப் போய்த் திரும்பி வருவது வீண் சுற்று. அவர்கள் வீட்டிலிருந்தே பஸ் ஏறிவிடலாம்.

நத்தம் பறக்கும் பாலத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே விடுகிறார்கள். நிழல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது யூ-டர்ன் அடிக்கிற இடம். தூண் மறைவில் வண்டி நிற்பது திரும்புகிறவருக்குக் கடைசி நொடியில்தான் தெரியும்.

தல்லாகுளம் தெருவாசி:
போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சித்திரையில் எதிர்சேவை, ஆற்றில் இறங்குவது, பூப்பல்லக்கு இந்த நாட்களில் ஆட்டம் வைக்காதீர்கள். அழகர் வருவதும் திரும்புவதும் இந்த அழகர்கோவில் ரோட்டில்தான், தல்லாகுளம் முழுக்க மண்டகப்படி. போக்குவரத்தைத் திருப்பிவிட்டால் டீம் பஸ்ஸே உள்ளே வராது. சித்திரைப் பௌர்ணமி தேதி காலண்டரில் ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே இருக்கிறது.

செவன் ஓ க்ளாக்:
தமுக்கம் மைதானத்துல கண்காட்சி, பொருட்காட்சி இருக்கான்னும் பாத்துக்கங்க. அது இருந்தா அங்கிட்டு நிக்க வேண்டிய வண்டியும் இங்கிட்டு வந்துரும்.