செமினரி முடித்த கையோடு கிருஷ்ணகிரிப் பக்கம் வரும் போதகர்களுக்கு: அனுபவப் பகிர்வு

சபை மூப்பர், கிருஷ்ணகிரி

நாகர்கோவில் கன்கார்டியாவிலும் சென்னை குருகுலத்திலும் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு எபிரெயு, கிரேக்கு, பிரசங்கம் எல்லாம் கைவந்திருக்கிறது. தடுமாறுவது திடப்படுத்தல் வகுப்பில்தான், அதாவது பிள்ளைகளை முதல் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் உபதேச வகுப்பில். இந்தப் பக்கத்து சபைகளுக்கு அதுதான் உயிர்நாடி என்பேன். இது இன்னும் சேலம் ஜில்லாவாக இருந்த 1895-ல், தியோடர் நேதர் அமெரிக்க லுத்தரன் சபையான மிசௌரி மிஷனின் முதல் வேலையைத் தொடங்கியது கிருஷ்ணகிரியில். வேதம் தேவ ஆவியால் ஏவப்பட்டது என்பது பற்றிய கருத்து வேறுபாட்டில், ஜெர்மனியின் லைப்சிக் மிஷனை விட்டு வந்தவர் அவர். 1904-ல் இங்கேயே பிளேக் நோயில் இறந்தார். உபதேசத்துக்காக அவ்வளவு கொடுத்த ஊரில் உபதேச வகுப்பு ஒப்புக்கு நடக்கக் கூடாது. வகுப்பு எடுத்துப் பழகியவர்கள் விவரமாக எழுதுங்கள்.

ஞானோபதேச ஆசிரியை, பர்கூர்

மூப்பர் ஐயா சொன்னது சரிங்க. முதலில் பத்துக் கற்பனைகளின் (கட்டளைகளின்) எண்ணிக்கைச் சிக்கல். லுத்தரன் சபையில் ஓய்வுநாள் மூன்றாம் கற்பனை; சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைகளுக்கு அது நான்காவது. விக்கிரகம் பற்றியதை நாம் முதல் கற்பனைக்குள் சேர்த்து, இச்சிப்பதை ஒன்பது, பத்து என இரண்டாகப் பிரிக்கிறோம். ஆகவே "ஆறாம் கற்பனை என்ன?" என்றால் நம் பிள்ளை "விபசாரம்" என்று சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு சி.எஸ்.ஐ. பிள்ளை "கொலை" என்று சொல்லும். இரண்டுமே சரி. இதை முதல் வாரமே பலகையில் இரண்டு பத்தியாக எழுதிக் காட்டாவிட்டால், பெரியம்மா வீட்டுக்குப் போய்வந்த பிள்ளை குழம்பி நிற்கும்.

அடுத்தது "கற்பனை" என்கிற சொல். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கும் கற்பனை வேறு. கதை எழுது, கற்பனை செய் என்கிற அர்த்தத்தில்தான் அவர்களுக்குப் பழக்கம். "தேவனுடைய கற்பனை" என்றால் சில பிள்ளைகள் உண்மையிலேயே திகைக்கிறார்கள். "கட்டளை" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு பழைய சொல்லிலேயே மனப்பாடம் செய்ய வையுங்கள். ஆராதனையில் காதில் விழுவது பழைய சொல்தானே.

வார ஒதுக்கீடு இப்படி வைத்தால் நிற்கிறது: கற்பனைக்கு 10, விசுவாசப்பிரமாணத்துக்கு 3, கர்த்தருடைய ஜெபத்துக்கு 9 (முன்னுரை, ஏழு விண்ணப்பம், முடிவுரை). இதோடு 22. ஞானஸ்நானம், பாவ அறிக்கை, திருவிருந்து மூன்றுக்கும் சேர்த்து 8. மொத்தம் 30 வாரம். ஜூனில் பள்ளி திறந்த இரண்டாம் வாரம் தொடங்கினால், ஐப்பசி மழைக்கு நான்கு வாரம் போனாலும் குருத்தோலை ஞாயிறுக்கு முன் முடிந்துவிடும். பொங்கல் கழித்துத் தொடங்கினால் பரீட்சை குறுக்கிடும், பின்னாலேயே மாங்காய் பறிப்பு வரும், வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

கர்த்தருடைய ஜெபத்தின் நான்காம் விண்ணப்பத்தில் மட்டும் அவசரமே கூடாது. அன்றாட அப்பம் என்பதற்குள் லுத்தர் தம் சிறு ஞானோபதேசத்தில் உணவு, உடை, வீடு, நிலம், ஆடுமாடு, நல்ல அரசு, நல்ல வானிலை, நல்ல அயலார் வரைக்கும் அடுக்குகிறார். அதைப் படித்துவிட்டு, "உன் வீட்டில் இதெல்லாம் எது?" என்று கேளுங்கள். கேழ்வரகுக் களி, கறவை மாடு, போர்வெல்லில் தண்ணீர், ரேஷன் கடை என்று பிள்ளைகளே வரிசையாகச் சொல்லும். 1529-ல் எழுதினதை பர்கூர்ப் பிள்ளை தன் வீட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளும் இடம் அது. செமினரியில் படித்த குறிப்பை அங்கே வாசித்தால் அந்த வாரமே வீண்.

சபைச் செயலாளர், தருமபுரி

கல்யாண விஷயம் சுருக்கமாக. மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) ஆராதனையில் வாசிக்க வேண்டும். பெண் வேறு சபை என்றால் அங்கேயும் வாசித்து, அந்தச் சபையிலிருந்து கடிதம் வர வேண்டும். மூன்றாம் ஓலை முடிந்த பிறகு கடிதம் தேடி அலைவதுதான் வழக்கமான தவறு. முதல் ஓலை அன்றே கேட்டு வாங்குங்கள். 1872-ம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, சிறப்பு அனுமதி இல்லாவிட்டால், காலை 6 முதல் மாலை 7 மணிக்குள் சடங்கு நடக்க வேண்டும். போதகரைத் தவிர இரண்டு சாட்சிகளாவது வேண்டும். மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு நீண்டுபோய் ஏழு மணியைத் தாண்டுவது உண்டு. அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே பெற்றோரிடம் நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

உபதேசியார், ஓசூர்ப் பக்கம்

புதுப் போதகர் ஐயா ஞாயிறு ஒன்றில் மூன்று கிராமம் போவார். திருவிருந்துக்கு முந்தைய நாளே பெயர் வாங்கி வையுங்கள். லுத்தரன் சபையின் விசுவாச அறிக்கையான அவுக்ஸ்பர்க் அறிக்கையின் 25-ம் பிரிவும் முன்கூட்டி விசாரித்துக் கொடுப்பதைத்தான் சொல்கிறது. கணக்குக்கும் அது உதவும். ஆளுக்கு 10 மில்லி திராட்சரசம் என்று 40 பேருக்கு 400 மில்லி, மேலே இரண்டு மூன்று பேருக்கு. அதிகமாகப் பிரதிஷ்டை செய்தால் மிச்சத்தை அங்கேயே உட்கொள்ள வேண்டிவரும். திராட்சைச் சாறு பயன்படுத்துகிற சபையானால் கிராமத்துக்கு ஒரு சிறு சீசா தனியாக எடுங்கள். காலையில் திறந்தது சித்திரை வெயிலில் பைக்கில் வந்தால் மூன்றாவது ஊருக்குள் கெட ஆரம்பித்துவிடலாம்.

இன்னொன்று, எங்கள் பக்கம் பல வீடுகளில் பேச்சு தெலுங்கு. நோயாளியிடம் பாவ அறிக்கையைத் தமிழில் வாசித்தால் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார், பதில் வராது. கர்த்தருடைய ஜெபத்தையும் பாவமன்னிப்பு வார்த்தைகளையும் தெலுங்கு மொழியில், தமிழ் எழுத்திலேயே உச்சரிப்போடு ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அட்டை ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கட்டும். பையில் வைத்தால் படுக்கை அருகே தேடிக்கொண்டிருக்க நேரும்.