மறு: ஆப்சோனைசேஷன் – 'இரைப்படுத்தல்' என்று வைக்கலாமா?

அன்பு நண்பர்களுக்கு,

கிருமியின் மேல் ஒரு புரதம் ஒட்டி, வெள்ளணுக்கள் அதை விழுங்க ஏதுவாக்குவதே ஆப்சோனைசேஷன் (opsonization). நம் கலைச்சொல் பட்டியலில் இதற்கு 'சுவையூட்டல்', 'அடையாளமிடல்' என்று இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. சொல்லைத் தனியாக எடைபோடாமல், அது அவசியமாக வரும் ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்போம். கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாவால் மாடுகளுக்கு வரும் இனப்பெருக்க நோயை எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சொல் இல்லாமல் அந்த நோய்க்கான தடுப்பூசியை விளக்கவே முடியாது.

கிருமி பொலிகாளையின் குறி உறை மடிப்புகளில் குடியிருக்கும். காளைக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. இணைசேரும்போது பசுவின் யோனிக்கு வந்து, அங்கிருந்து கருப்பைக்கு ஏறும். கரு இறந்துபோகும், பசு சினை நிற்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும். சில மாதங்களில் கருப்பை தானாகவே சுத்தமாகி, பசு சினை பிடித்துவிடும். ஆனால் அதே பசுவின் யோனியில் கிருமி அதற்குப் பிறகும் நீண்ட காலம் தங்கியிருக்கலாம்.

ஒரே உடம்பில் ஏன் இந்த வேறுபாடு? 1970களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வின்டர், கார்பெய்ல் முதலியோர் ஆராய்ந்தது இதைத்தான். இயற்கையாக நோய் தொற்றிய பசுவின் யோனியில் ஐஜிஏ (IgA) வகை எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) மேலோங்கியிருக்கும், கருப்பையில் ஐஜிஜி (IgG) வகை. ஐஜிஏ கிருமியை நகரவிடாமல் முடக்கும். அதனால் கிருமி மேலே ஏறுவது தடைப்படும், ஆனால் அது சாகாது. ஐஜிஜி செய்வது வேறு. இந்தக் கிருமிக்கு மேலே ஒரு புரத உறை உண்டு. எதிர்ப்பொருள் இல்லாதபோது வெள்ளணுக்களால் அதை எளிதில் விழுங்க முடியாது. ஐஜிஜி ஒரு முனையால் கிருமியில் ஒட்டிக்கொள்ள, மறுமுனையை வெள்ளணுவின் ஏற்பி பற்றிக்கொள்கிறது. அப்புறம் விழுங்கல்தான். இதுதான் ஆப்சோனைசேஷன்.

தடுப்பூசியைத் தோலுக்கடியில் போட்டால் இரத்தத்தில் ஐஜிஜி பெருகி, கருப்பை, யோனி இரண்டிலும் கசிந்து வருகிறது. அதாவது, இயற்கைத் தொற்று யோனிக்குச் சரியாகக் கொடுக்காததை ஊசி கொடுக்கிறது. பொலிகாளைக்குப் போட்டால் தொற்றைத் தடுப்பதோடு, ஏற்கெனவே உள்ள தொற்றையும் நீக்க வல்லது. தடுப்பூசிகளில் இது அபூர்வம், எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். 'சுவையூட்டல்' மூலத்துக்கு நெருக்கமானதுதான். இந்த ஆங்கிலச் சொல்லுக்காக ரைட், டக்ளஸ் என்ற ஆய்வாளர்கள் 1903இல் எடுத்தாண்ட கிரேக்க வேர், ரொட்டியோடு சேர்த்து உண்ணும் தொடுகறியைக் குறிப்பது. ஆனால் கால்நடை நூலில் 'சுவையூட்டி' என்றால் தீவனத்தில் கலப்பது என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'அடையாளமிடல்' என்றால் காதுவில்லை மாட்டுவது. தவிர, ஐஜிஏவும் கிருமியில்தான் ஒட்டுகிறது. அடையாளம் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். நமக்கு வேண்டிய வேறுபாடே அங்கே தொலைந்துபோகிறது.

ஆகவே என் பரிந்துரை 'இரைப்படுத்தல்'. செய்யும் பொருள் 'இரைப்படுத்தி'. 'ஐஜிஏ முடக்குகிறது, ஐஜிஜி இரைப்படுத்துகிறது' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். எதிர்ப்பொருள் மட்டுமின்றி, இதே வேலையைச் செய்யும், இரத்தத்திலுள்ள நிரப்புப் புரதங்களுக்கும் (complement) பொருந்தும். தமிழ்நாட்டில் 'விழுங்கு செல்' என்றாலும், இலங்கையில் 'தின்குழியம்' என்றாலும் பக்கத்தில் இயல்பாக உட்காரும்.

'இரை' என்றால் வேட்டை நினைவு வருமே என்று நண்பர் ஒருவர் தயங்கியிருந்தார். 'மாடு இரை எடுக்கவில்லை' என்று மாடு வளர்ப்பவர்கள் அன்றாடம் சொல்கிறார்கள். அங்கே வேட்டை ஏதுமில்லை, உட்கொள்ளும் உணவு என்பதே பொருள்.

பட்டியலுக்கு நான் எழுதியிருக்கும் விளக்கம் இது. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

இரைப்படுத்தல் – எதிர்ப்பொருளோ நிரப்புப் புரதமோ கிருமியின் மேல் ஒட்டி, விழுங்கு செல்கள் அதைப் பற்றி உட்கொள்ள ஏதுவாக்குதல்.