கார் இல்லாமல் பறவை பார்க்கப் போவது: கடலோரச் சேற்றுவெளி, மலைக்காடு இரண்டையும் பேருந்திலேயே பார்க்க முடியுமா?

ஒற்றைப்பை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, இனிமேல் கற்றுக்கொள்கிற உத்தேசமும் இல்லை. இரண்டு வருடமாக வீட்டுப் பக்கத்து ஏரியிலேயே பார்த்துப் பழகியவன், இப்போதுதான் வெளியே கிளம்ப ஆரம்பித்திருக்கிறேன். அடுத்த மாதம் நான்கு நாள் விடுமுறை கிடைக்கிறது. முதல் இரண்டு நாள் கடலோரச் சேற்றுவெளி, அடுத்த இரண்டு நாள் மலைக்காடு, எல்லாமே ரயிலும் பேருந்தும்தான்.

இதற்கு முன்பு இரண்டையும் தனித்தனியாக ஒரு முறை முயன்று பார்த்துவிட்டேன், இரண்டுமே சொதப்பல். கடலோரத்துக்கு விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்துப் போய் ஏழு மணிக்கு இறங்கினால் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஈரச் சேறு, பறவைகள் எல்லாம் அதற்கும் அந்தப் பக்கம் தண்ணீர் விளிம்பில் மிளகு தூவினது மாதிரி தெரிந்தன. உள்ளான் என்பதுவரை சொல்லலாம், எந்த உள்ளான் என்று கேட்டால் கடவுளுக்கே வெளிச்சம். மூன்று மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மலையில் இதற்கு நேர் எதிர், முதல் வண்டியே ஒன்பதரைக்குத்தான் மேலே கொண்டுபோய் விட்டது, அதற்குள் காடு வாயை மூடிக்கொண்டது.

கார் இருக்கிறவர்கள் நாலரை மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். பேருந்தை நம்பிப் போகிறவர்கள் எப்படித் திட்டம் போடுகிறீர்கள்? சொந்த அனுபவமாக இருந்தால் நல்லது.

உப்பளக்கரை:

நண்பரே, கடலோரத்தில் நீங்கள் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான், ஏரிக்குப் போகிற மாதிரி விடியலுக்குப் போனது. ஓதம், அதாவது கடல் மட்டம், தினமும் ஏறி இறங்குகிற சேற்றுவெளியில் உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் இதெல்லாம் சூரியனைப் பார்த்து நடப்பதில்லை, தண்ணீரைப் பார்த்துத்தான் நடக்கின்றன. தண்ணீர் இறங்கிய வற்றம் என்றால் சேறு திறந்து கிடக்கும், இரை எங்கும் பரவிக் கிடக்கும், பறவைகளும் பரவிப்போய்விடும். நீங்கள் பார்த்த மிளகுத்தூள் அதுதான். ஏற்றம் வர வர அவை நிற்கிற இடம் சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் கரையோரம் வந்துதான் ஆகவேண்டும். அதனால் ஏற்றம் உச்சிக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போதே போய், கரையில் ஒரு இடம் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள். நீங்கள் அவற்றிடம் நடக்க வேண்டாம், தண்ணீரே ஓட்டிக்கொண்டு வந்து சேர்க்கும்.

பேருந்துக்காரர்களுக்கு இதில் ஒரு நன்மை இருக்கிறது. பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம், அதாவது நாளுக்கு நாள் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். இன்றைக்கு உச்சி காலை 7 மணிக்கு என்றால் நான்கு நாள் கழித்துப் பத்தே காலை ஒட்டி வரும், அந்த நாளில் எட்டு மணிக்கு வந்து சேர்கிற பேருந்தே தாராளம். ஆக, பேருந்து நேரத்தை மாற்ற முடியாதுதான், ஆனால் எந்த நாளில் போவது என்பது நம் கையில். அந்தக் கரைக்கான ஓத அட்டவணையை எடுத்துப் பேருந்து நேரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஏற்றம் மிகப் பெரிதாக இருக்கும், சேறு முழுக்க மூழ்கும், அப்போது பறவைகள் உப்பளப் பாத்திகளுக்கும் மணல் திட்டுக்கும் வந்து கூட்டமாக ஒற்றைக்காலில் நின்று தூங்கும். அரைநிலா நாட்களில் ஏற்றம் சின்னது, சேறு பாதி திறந்தே கிடக்கும், பறவை கிட்டே வராமலே போகலாம். எல்லாக் கடலும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில கரைகளில் தண்ணீர் ஒரு மீட்டர்கூட ஏறாது, அங்கே அட்டவணையைவிடக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதுதான் கணக்கு.

வெளிச்சத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பார்த்த கரையில் காலையில் கடல் பக்கம் திரும்பினால் எல்லாம் கறுப்பு உருவம்தான், காலின் நிறமே தெரியாது, கால் நிறம் தெரியாமல் உள்ளானை அடையாளம் காண்பது பெரிய வேதனை. பத்து மணிக்கு மேல் கானல் வேறு ஆடும். நான் இப்படி ஒரு பறவையை இருபது நிமிடம் குட்டை மூக்குள்ள கொசு உள்ளான் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது தலையைத் திருப்பினபோது மூக்கு வளைந்து நீண்டுகொண்டே போனது!

பாசிமரம்:

கடலைப் பற்றி உப்பளக்கரை சொன்னதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை, மலைக்கு வருகிறேன். மலையில் முதல் பேருந்து என்ற யோசனையையே விடுங்கள். முந்தைய நாள் மாலை வண்டியில் மேலே போய் இரவு அங்கேயே தங்கிவிட்டால் விடியும்போது காட்டோரத்தில் நிற்பீர்கள், கீழிருந்து காரில் வருகிறவர்களுக்கும் முன்னால். வெளிச்சம் வந்து முதல் இரண்டரை மூன்று மணி நேரம்தான் காட்டில் பேச்சு சத்தம், அதற்கப்புறம் குக்குறுவான் மட்டும் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

பலர் செய்யாத ஒன்றைச் சொல்கிறேன். மேலே போவதற்கு மட்டும் பேருந்து, இறங்குவதற்குக் கால். நடக்க அனுமதி உள்ள சாலையாக இருந்தால் ஐந்தாறு கிலோமீட்டர் கீழ்நோக்கி நடந்து, வழியில் உள்ள ஏதாவதொரு நிறுத்தத்தில் ஏறிக்கொள்ளுங்கள். மலைச்சாலை வளைவில் பள்ளத்துப் பக்கம் நின்று பாருங்கள், கீழே முளைத்த மரத்தின் உச்சி உங்கள் கண்ணுக்கு நேராக இருக்கும். சமவெளிக் காட்டில் கழுத்து ஒடிய அண்ணாந்து வயிறு மட்டும் பார்க்கிற மின்சிட்டை இங்கே முதுகோடு பார்க்கலாம். போன முறை ஒரு ஆண் மின்சிட்டு என்னிடமிருந்து பத்தடி தூரத்தில், என் கண் மட்டத்தில், ஒரு புழுவைக் கிளையில் தட்டித் தட்டி மென்மையாக்கிக்கொண்டிருந்தது, அதன் அலகில் ஒட்டியிருந்த பச்சைகூடத் தெரிந்தது.

இறங்க இறங்கப் பறவைகளும் மாறும். 1000 மீட்டர் இறங்கினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி ஏறுகிறது, மரம் மாறுகிறது, அதோடு அதில் இருப்பவர்களும் மாறுகிறார்கள். மேலேயே நாள் முழுக்கச் சுற்றுகிறவனுக்கு ஒரே பட்டியல்தான் கிடைக்கும்.

காடு அமைதியாக இருக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள். பல இனம் கலந்து இரை தேடுகிற கூட்டம் வரும்வரை ஒன்றுமே இருக்காது, வந்தால் ஐந்து நிமிடத்தில் கரிச்சான், மின்சிட்டு, மரங்கொத்தி, சிலம்பன் எல்லாம் ஒரே மரத்தில், எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தொலைநோக்கியை ஆட்டிக்கொண்டே இருந்துவிட்டு ஒன்றையும் பார்க்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன். ஒரு பறவையைப் பிடித்தால் அதையே பாருங்கள். பெரிய விலங்குகள் உள்ள காடு என்றால் அந்திக்குப் பிறகு சாலையில் நடப்பது வேண்டவே வேண்டாம், பேருந்து தவறினாலும்.

கடைசிவண்டி:

என் பெயரே அனுபவத்தில் வந்தது. கடைசிப் பேருந்தை உங்கள் பேருந்தாக வைத்துக்கொள்ளாதீர்கள், அதற்கு முந்தையதுதான் உங்களுடையது. ஞாயிறும் விடுமுறை நாளும் நேரம் வேறாக இருக்கும். இறங்கின உடனே நிறுத்தத்தில் ஒட்டியிருக்கிற நேரப் பலகையைப் போட்டோ எடுங்கள், அப்புறம் ஓட்டுநரிடம் "திரும்ப எப்ப வருவீங்க" என்று ஒரு வார்த்தை. மலையில் பலகையைவிட அவர் சொல்வதுதான் உண்மை.

இன்னொன்று, நான்கு நாளில் இரண்டு இடம் என்றால் ஒரு முழு நாள் பயணத்திலேயே போய்விடும். நானாக இருந்தால் ஒன்றைத்தான் எடுப்பேன்.

ஒற்றைப்பை:

ஓத அட்டவணை என்ற ஒன்றை நான் யோசிக்கவே இல்லை, ஏரிப் புத்தி. கடைசிவண்டி சொல்வதும் சரிதான், ஆனால் அடுத்த விடுமுறை எப்போது என்று தெரியாததால் பேராசை.

ஒரு சின்ன சந்தேகம். ஸ்கோப், அதாவது முக்காலியில் வைத்துப் பார்க்கிற ஒற்றைக்குழல் தொலைநோக்கி, வாங்கலாமா என்று யோசிக்கிறேன். இப்போது இருப்பது 10x42 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) மட்டும். பேருந்தில் முக்காலியையும் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா?

உப்பளக்கரை:

முடியும், நான் தூக்குகிறேன், ஆனால் நெரிசலில் முக்காலியின் கால் யார் விலாவிலாவது இடிக்கும், திட்டு வாங்கத் தயாராக இருக்கவேண்டும். உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். ஏற்ற நேரம் பார்த்துப் போனாலே பாதித் தூரம் குறைந்துவிடும், முதலில் அதைச் செய்து பாருங்கள்.

இருக்கிற பைனாகுலரே போதும். காட்டுக்கு 8x42 இருந்திருந்தால் இன்னும் சுகம், 42-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வருகிற ஒளிவட்டம் 5.25 மில்லிமீட்டர், உங்களுடையதில் 4.2, விடியற்கால இருட்டில் அந்த வித்தியாசம் தெரியும், கை நடுக்கமும் குறைவு. ஆனால் இதற்காகப் புதிதாக வாங்காதீர்கள்.

அதை மேல்தட்டில் மட்டும் வைக்காதீர்கள். நான் ஒரு முறை பையோடு மேலே வைத்தேன், ஒரு வேகத்தடையில் பை கீழே விழுந்தது, வெளியே கீறல்கூட இல்லை, எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பறவையும் இரண்டாகத் தெரிந்தது. உள்ளே இரண்டு குழலும் ஒன்றுக்கொன்று விலகிவிட்டது. அன்றைக்கு முழுக்க ஒற்றைக்கண்ணால் பார்த்தேன். மடியில் வையுங்கள். ஏசி பேருந்தில் இருந்து கடலோரப் புழுக்கத்தில் இறங்கினால் கண்ணாடி பனிபூத்துவிடும், துடைத்துத் துடைத்துத் தேய்க்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டால் தானே தெளியும்.

அப்புறம் ஏற்ற நேரத்தில் தூங்குகிற கூட்டத்தை நோக்கி போட்டோவுக்காக நடந்து போகிறவர்களைப் பார்ப்பீர்கள், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். 2022 அக்டோபரில் ஒரு பட்டைவால் மூக்கன், பிறந்து ஐந்து மாதமே ஆன குஞ்சு, அலாஸ்காவில் கிளம்பி எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது, முதுகில் இருந்த கருவி வழியாகப் பதிவானது. இப்படிப் பறக்கிற பறவைகளுக்கு உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்புதான் பெட்ரோல். நாம் ஒரு முறை கிளப்பிவிட்டால் அதிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கிறது. ஒரு பறவை தலையைத் தூக்கிப் பார்த்தாலே நின்றுவிடுங்கள், இன்னும் இரண்டு எட்டு என்று நினைப்பதுதான் கெடுக்கும்.

குரல்மட்டும்:

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன், பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கிற நேரம் வீண் இல்லை. நகராமல் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரச் சொன்னால் யாரும் உட்கார மாட்டோம், பேருந்துதான் உட்காரவைக்கிறது. என்னுடைய மலைப் பட்டியலில் பாதி நிறுத்தத்துக் கட்டையில் உட்கார்ந்து எழுதியதுதான். காட்டு ஓரம், வெட்டவெளி, பக்கத்தில் ஓடை, பறவைக்கு வேறு என்ன வேண்டும்.

கார்னெல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியில் அந்தப் பகுதிக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போங்கள், சிக்னல் இல்லாத மலையிலும் குரலைக் கேட்டுச் சொல்லும். ஆனால் அது சொன்னதை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள். துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகள் மாதிரி அச்சாகக் கத்தும். செயலி எனக்கு வரிசையாக நான்கு பறவை காட்டியது, மரத்தில் இருந்தது ஒரே ஒரு கரிச்சான்.

ஒற்றைப்பை:

இப்போதுதான் அட்டவணையைப் பார்த்தேன். விடுமுறையின் முதல் நாள் ஏற்றம் 10.20, இரண்டாம் நாள் 11.10, அமாவாசை அதற்கு இரண்டு நாள் முன்னால். பேருந்து 8.45-க்குச் சேர்கிறது. தற்செயலாக இவ்வளவு நன்றாக அமையும் என்று நினைக்கவே இல்லை. இரண்டாம் நாள் மதியமே அங்கிருந்து கிளம்பி, மாலை வண்டியில் மலை ஏறிவிடலாம் என்று நினைக்கிறேன். கடைசிவண்டி கோபித்துக்கொள்ள வேண்டாம், அது கடைசிக்கு முந்தைய வண்டிதான்.

பாசிமரம்:

மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும், பேண்ட்டை சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். சேற்றுவெளியில் நனைந்த அதே சாக்ஸை மேலே கொண்டுவராதீர்கள், நான் கொண்டுவந்தேன், அறையில் கூட இருந்தவர் என்னோடு அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை.